மூன்று கடிதங்கள்

செத்த மாட்டைத் தோலுரித்த எங்கள் தாத்தாவுக்கு அதன் எலும்பும் நரம்பும் அத்துப்படி. ஊர் அதை அறிவு என்று சொல்லவில்லை, தீட்டு என்றது. இன்று அதே அறிவுக்கு ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவம், மேலே இரண்டாண்டு முதுகலை.

வெளிநாட்டில் விலங்கு அறிவியலோ உயிர்மருத்துவமோ படிக்க மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு போக, பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கிறார்கள். மதிப்பெண்ணைப் படித்து வாங்கலாம்; கடிதம் பேராசிரியர் மனம்வைத்தால்தான். சாதி ஒளிந்துகொள்ள அந்த இடம் போதும்.

தோழர்களே, முதலாண்டிலேயே ஆய்வகத்துக்குள் நுழையுங்கள். பட்டியல் சாதியினருக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு 60 சதவிகித மதிப்பெண்ணும், 8 லட்சத்துக்குள் குடும்ப ஆண்டு வருமானமும் வேண்டும்; சான்றிதழ்களை இப்போதே வாங்கிவையுங்கள். கடிதம் மறுக்கப்பட்டால் தனியாகப் புழுங்காதீர்கள். சேர்ந்து போய்க் கேட்போம்.