கசியும் ஒளி

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளியில் நாம் படித்த பாடம். அந்த ஒளிக்கும் வாய்க்கால் வெட்டி, வேண்டிய பக்கம் வளைத்துக் கொண்டுபோகலாம் என்பது கல்லூரிக்கு வந்தபின் நான் கற்ற பாடம்.

பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்ற அறிஞருடன் சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பலாம் என்று 1954இல் உலகுக்குக் காட்டினார். முழு அக எதிரொளிப்பே அதற்கு அடிப்படை. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மில்லர் அடுத்த படியைக் காட்டினார். மேசை நிறையப் பரப்பி வைக்கும் ஒளிக்கருவிகளின் வேலையை ஒரு சிறு சில்லின்மேல் அடக்கலாம் என்றார். 'ஒருங்கிணைந்த ஒளியியல்' என்னும் துறை அவ்வாறு பெயர் பெற்றது.

சாணார்பட்டியில் பிறந்த எனக்கு இதன் நுட்பம் விளங்கக் கிணற்றடியே போதுமானதாக இருந்தது. இறைத்த நீர் வாய்க்காலுக்குள்தான் ஓடுகிறது. ஆயினும் கரையோர மண் ஈரமாகிறது. ஒளியும் அப்படியே. தன் வழிக்குள் ஓடும்போதே மேற்பரப்புக்கு வெளியே நூறு, இருநூறு நானோமீட்டர் அளவுக்குக் கசிந்து நிற்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு நானோமீட்டர்!

அந்த ஈரக்கரையில் நாற்று நடுவதுபோல் எதிர்ப்புரதங்களைப் பதிக்கிறார்கள். இரத்தத்தில் உள்ள நோய்க்கிருமியின் புரதம் வந்து அவற்றைப் பற்றியதும் அவ்விடத்தின் ஒளிவிலகல் எண் சற்றே உயர்கிறது. ஒளியின் வேகம் சற்றே குறைகிறது. இதை எப்படி அறிவது? ஒளியை இரு கிளையாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் மட்டும் எதிர்ப்புரதம் உண்டு. மற்றது வெறுமனே விடப்படும். இரண்டும் மீண்டும் கூடும்போது, பின்தங்கிய கிளையினால் வெளிச்சம் மாறுகிறது. புரதம் எவ்வளவு பற்றியது, எத்தனை விரைவில் பற்றியது என்பதெல்லாம் வினை நடக்கும்போதே வரைகோடாக விழுகிறது. சாயம் ஏற்ற வேண்டியதில்லை.

1984இல் சூரிச் நகரில் டீஃபென்தாலர், லூக்கோஸ் என்ற இருவர், காற்றின் ஈரப்பதம் மாறினாலே இத்தகைய ஒளிவழி அதை உணர்வதைக் கண்டு வெளியிட்டனர். உயிர்வேதியியல் ஆய்வுக்கும் அவ்வழி திறந்தது.

இதில் நான் மனம் பறிகொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு மழைக்காலத்தில் எங்கள் அப்பத்தாவுக்குக் கடுங்காய்ச்சல். இரத்தம் எடுத்துத் திண்டுக்கல்லுக்கு அனுப்பினோம். முடிவு வர இரண்டு நாள் ஆயிற்று. டெங்குவோ என்று அந்த இரண்டு இரவும் வீட்டில் எவரும் உறங்கவில்லை. டெங்கு இல்லை என்றே முடிவு வந்தது. ஆனால், ஒரு துளி இரத்தம் ஊர் விட்டு ஊர் போகாமல் படுக்கையருகிலேயே பதில் சொன்னால் எத்தனை வீடுகளில் உறக்கம் மிஞ்சும்!

வேலை எளிதன்று. இரத்தத்தில் உள்ள வேறு புரதங்களும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். வெப்பம் சிறிது மாறினாலும் ஒளி தடுமாறும். வெறுமனே விட்ட இரண்டாம் கிளை இந்தத் தடுமாற்றத்தைக் கழித்துக் காட்டவே இருக்கிறது. ஒளியிழையையும் சிலிக்கன் சில்லையும் கொண்டு சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஆய்வுகள் நடந்து வருகின்றன.

நண்பர்களே, நம் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் விலங்கியலும் தனித்தனி வகுப்பறைகளில் நடக்கின்றன. விரல் நகமளவுச் சில்லிலோ மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன. நாமும் ஒருவர் வகுப்பறைக் கதவை ஒருவர் தட்டிப் பழகுவோம்.