பெயின்டர் வராத தொட்டி

சொந்த வீட்டுக்கு வெள்ளையடிக்கவே வழியில்லாத நாகர்கோவில் ஆபீஸ்காரன் ஒருவன், தொட்டிக்குள் கிடக்கிற கல்லுக்குப் பிங்க் கலர் ஏறுமா என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறான் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள் சார். என் மனைவி சிரித்து முடித்து, கோபப்படும் கட்டத்துக்கே வந்தாயிற்று.

விஷயம் இதுதான். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி. உள்ளே இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் கல். அந்தக் கல்லின் மேல் ரோஜா நிறத்தில், கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூச்சு படர வேண்டும். பெயர் 'கோரலைன்' பாசி. பாசி என்றதும் தெப்பக்குளத்துப் படியில் ஆளை வழுக்கிவிடுமே, அந்தப் பச்சை ஜாதி என்று நினைக்காதீர்கள். இது சிவப்புப் பாசி இனம். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. தொட்டால் கல் மாதிரியே இருக்கும். பெரிய விஞ்ஞானி லின்னேயஸே இதைப் பிராணிகளோடு சேர்த்து எழுதிவிட்டார். 'இல்லை, தாவரம்தான்' என்று பிலிப்பி நிரூபித்தது 1837-ல்!

"கடல் அரைமணி தூரத்துல கிடக்கு. நீங்க உப்பைக் காசு குடுத்து வாங்கி, ஆர்.ஓ. தண்ணியில கரைக்கீங்களாக்கும்!" என்பாள் மனைவி. என்ன செய்ய? கரையோரத் தண்ணீரில் மழைக்கு மழை உப்பு மாறும். இந்தப் பாசிக்கோ மாற்றம் என்றாலே ஆகாது. லிட்டருக்குக் கால்சியம் 400-லிருந்து 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, சூடு 25 டிகிரி சுமாருக்கு. எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இன்றும் இருக்க வேண்டும். பாஸ்பேட் கூடினால் வளர்ச்சி நின்றுவிடும். வெளிச்சம் திடீரென்று கூடினால் வெளுத்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் தோற்றார்கள்!

கால்சியம் குறைந்தால் சுண்ணாம்புதான் மருந்து. கலப்படமில்லாத சுண்ணாம்பை நல்ல தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாகக் கவிழ்த்தால் காரம் ஏறி மீன் காலி.

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்டான் ஆபீஸ் தம்பி ஒருவன். "அண்ணாச்சி, தூத்துக்குடி பக்கம் நமக்கு ஆளு உண்டும். கடல்லேர்ந்தே பிங்க் பூசின பவளக்கல்லு ரெண்டு, மீன் பெட்டியில வச்சு வந்துரும். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிரலாம்."

சபலம் தட்டியது உண்மை. ஆனால் பவளப்பாறை 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை! ஹாலில் புலித்தோல் மாட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

சட்டத்தை விடுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். அலையைத் தடுத்து நின்ற பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக்கணக்கில் வெட்டியெடுத்தது முக்கியக் காரணம். உடைந்த பவளத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டும் சிமென்ட் பூச்சு எது தெரியுமா? நம்ம பிங்க் பாசிதான். பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள இடம் தேடும்போது பல வகைகள் இந்தப் பூச்சைப் பார்த்துத்தான் உட்காருமாம். அதைப் பெயர்த்து என் ஹாலுக்குக் கொண்டுவர மனசு வரவில்லை.

திருவனந்தபுரத்து நண்பர் ஒருவர் தன் தொட்டிக் கண்ணாடியில் சுரண்டிய பாசித் துகளைக் கொடுத்தார். கடல்நீரோடு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தேன். "என்ன சார், ரசமா?" என்றார் கண்டக்டர். தொட்டியில் தூவிவிட்டுக் காத்திருந்தேன். ஏழு மாசம் ஒன்றும் இல்லை. ஒருநாள் மனைவி குரல்: "ஏங்க, இந்தக் கல்லுல யாரு குங்குமத்தைச் சிந்துனது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். கடுகளவு பிங்க்!

இன்றைக்கு அது உள்ளங்கை அகலம். பார்க்க வந்த ஆபீஸ் தம்பி உதட்டைப் பிதுக்கினான்.

"அன்னைக்கே ரெண்டு கல்லு வாங்கியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும்லா அண்ணாச்சி?"

"ஆமாடே... அங்கயும் முடிஞ்சிருக்கும்."