வாசலில் ஒரு கண்

உங்கள் வீட்டு வாசலில் இந்த நேரத்தில் யார் நிற்கிறார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

நாம் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவோம். வேலைக்குப் போக முடியாத பாட்டி ஒருவர் வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்நியர் ஒருவர் லயத்துக்குள் காலெடுத்து வைத்தால், "யாரைத் தேடறீங்க?" என்று பத்து வாய் கேட்கும். அந்தப் பத்து வாய்தான் நமக்குப் பூட்டு.

எங்கள் ரப்பர் தோட்டம் செம்பனையாக மாறியபோது எங்கள் குடும்பமும் வெளியேறியது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு மலிவு விலைத் தாமானில் வீடு வாங்கினோம். அப்பா காலமான பிறகு, எழுபத்து நான்கு வயது அம்மா அங்கே தனியாக இருக்கிறார். "என்னோடு வந்துவிடுங்கள்" என்று எத்தனையோ முறை அழைத்துவிட்டேன். "இது உங்கப்பா வாங்கின வீடு" என்பதே பதில். நானோ கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் இரவு, பகல் என்று மாறி மாறி வேலை செய்பவள்.

சென்ற ஆண்டு, தீபாவளிக்கு முந்தின வாரம், கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவன் வந்து, "தண்ணீர்க் குழாய் பரிசோதிக்க வேண்டும்" என்றிருக்கிறான். அம்மா கதவைத் திறந்துவிட்டார். "பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிடுங்கள்" என்று சொல்லி அம்மாவை அனுப்பிவிட்டு, அவன் அறைக்குள் புகுந்திருக்கிறான். பால் வெட்டிய காலத்தில் கூட்டுப் பணம் கட்டி அம்மா வாங்கிய இரண்டு வளையல்களும் போய்விட்டன.

போலீசில் புகார் செய்தோம். "ஆள் எப்படி இருந்தான்?" என்று கேட்டார்கள். "நல்ல பிள்ளை மாதிரி இருந்தான்" என்பதற்கு மேல் அம்மாவால் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பும்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது: "வளையல் போனா போகட்டும்மா. அவனுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தேனே!"

அன்றுதான் வாசலில் காமிரா வைப்பது என்று முடிவு செய்தேன்.

இது பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். இதற்கு வழிகாட்டியவரே நம்மைப்போல் உழைத்துப் பிழைத்த ஒரு பெண்தான். மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினத் தாதி நியூயார்க் நகரில் வாழ்ந்தார். அவருக்கும் அவர் கணவருக்கும் நேரங்கெட்ட நேரத்தில் வேலை. வீட்டில் தனியாக இருக்கும்போது கதவு தட்டப்பட்டால் அச்சம். ஆகவே கதவில் துளைகளிட்டு, பின்னால் காமிராவைப் பொருத்தி, வெளியே நிற்பவரை உள்ளேயிருந்து பெட்டியில் பார்க்கவும், பேசவும், பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கவும் ஓர் ஏற்பாட்டைக் கணவரோடு சேர்ந்து வகுத்தார். 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். இரவு வேலைக்குப் போகும் என் போன்றவர்கள் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போனேன். விற்பனையாளர் படத்தின் தெளிவைப் பற்றியே பேசினார். படம் தெளிவாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது மின்சாரம். நம் வீடுகளில் சாதாரண அழைப்பு மணியின் பொத்தானுக்குப் பல இடங்களில் 230 வோல்ட் மின்சாரமே நேராக வருகிறது. கம்பி இணைப்புள்ள காமிரா மணிகளில் பல 16 முதல் 24 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும். பழைய பொத்தானைக் கழற்றிவிட்டு அதே கம்பியில் இதை மாட்டினால் கருகிப்போகும், ஆளுக்கும் ஆபத்து. மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவு வேண்டாமென்றால், பேட்டரியில் இயங்குவதை வாங்குங்கள். அதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிச் சார்ஜ் செய்ய வேண்டும். மின்தடையிலும் பேட்டரி மணி அணையாது. ஆனால் இணையப் பெட்டி அணைந்துவிட்டால் வெளியூரில் இருக்கும் உங்களுக்குச் செய்தி வராது.

இரண்டாவது இணையம். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இயங்குகின்றன. சுவர்களைத் தாண்ட அதுவே ஏற்றது. வாங்குவதற்கு முன் கைப்பேசியோடு வாசலில் நின்று, கதவைச் சாத்திவிட்டு, வீட்டு வைஃபை அங்கே எட்டுகிறதா என்று பாருங்கள். இணைய இணைப்பு இல்லாத தோட்ட வீடுகளுக்குச் சிம் கார்டு போடும் காமிராக்களும் உண்டு. ஆனால் மாதந்தோறும் அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

மூன்றாவது, படம் எங்கே பதிவாகிறது என்பது. சிலவற்றில் பழைய படங்களைப் பார்க்க மாதச் சந்தா கேட்கிறார்கள். சிலவற்றில் மெமரி கார்டு போதும். ஆனால் கார்டு வாசல் மணிக்குள்ளேயே இருந்தால், மணியைப் பிய்த்துக்கொண்டு போகிறவன் சாட்சியையும் சேர்த்தல்லவா கொண்டுபோகிறான்! கார்டு வீட்டுக்குள்ளிருக்கும் ஒலிப்பெட்டியில் இருக்கும் வகையைத் தேடி வாங்கினேன். 260 வெள்ளி ஆயிற்று. அந்த ஒலிப்பெட்டி இன்னொரு வகையிலும் உதவியது. அம்மாவுக்குக் காது சற்று மந்தம். கைப்பேசி பார்க்கத் தெரியாது. மணி சமையலறையில் ஓங்கி ஒலித்தால் போதும். யாரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அவருக்குப் புது வேலை வைக்கக்கூடாது.

கூடவே, மழைச்சாரல் தாங்குமா என்று கேளுங்கள். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். பிறந்த தேதியை மட்டும் வைக்காதீர்கள். கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா என்ற போட்டி இங்கேயும் உண்டு.

இவ்வளவும் பார்த்த நான், ஒன்றைப் பார்க்கத் தவறினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

எங்கள் தாமானில் பாதை குறுகல். எதிர்வீட்டு வாசல் நம் வாசலுக்கு நேரே இருக்கும். அங்கே ஒரு மலாய்க்கார மக்சிக் இருக்கிறார். காலையில் அவர் துணி காயப்போடுவார். அம்மா வாசல் கூட்டுவார். பாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இருவரும் அரை மணி நேரம் பேசுவார்கள். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து கெத்துப்பாட் வரும். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குப் போகும்.

காமிரா மாட்டிய பிறகு, வேலை இடைவேளையில் கைப்பேசியைத் திறந்து பார்ப்பேன். அம்மா வாசல் கூட்டுகிறார். பூனை போகிறது. மறுநாளும் அம்மா கூட்டுகிறார். பூனை போகிறது. இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது: மக்சிக்கைக் காணோம்! எதிர்வாசலில் ஒரு திரை மட்டும் தொங்கியது.

விடுமுறையில் போய் அம்மாவைக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அவங்க வீட்டு வாசல்லே தலைத்துணி இல்லாம நிப்பாங்க இல்லே? இப்போ யாரோ பாத்துக்கிட்டே இருக்காங்கன்னு வர்றதில்லே. உன்னைக் கேட்டா வருத்தப்படுவேன்னு நானும் சொல்லலே."

என் முகத்தில் அறைந்தது போலிருந்தது. அந்தத் திருடன் வந்துபோன அன்று, அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் அந்த மக்சிக்தான். லயத்துப் பாட்டியைப்போல் அம்மாவுக்கு மிஞ்சியிருந்த ஒரு கண்ணை, 260 வெள்ளி கொடுத்து நானே மூடிவிட்டேனே!

அன்றே காமிராவைக் கழற்றி, கோணம் மாற்றும் ஆப்பு ஒன்றை அடியில் வைத்து, நம் கேட்டையும் படியையும் மட்டும் பார்க்கும்படி சாய்த்து மாட்டினேன். மிச்சம் தெரிந்த மூலையைச் செயலியிலேயே கறுப்புக் கட்டமிட்டு மறைத்தேன். இந்த வசதி எல்லாவற்றிலும் இல்லை, வாங்கும்போதே கேளுங்கள். பிறகு மக்சிக் வீட்டுக்குப் போய், கைப்பேசியில் படத்தைக் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். நெடுநேரம் பார்த்தார். "என் பூச்சட்டிகூடத் தெரியவில்லையே" என்று சிரித்தார்.

சிங்கப்பூரில் வீவக வீடுகளுக்கு இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் முதல், வீட்டுக்குள்ளிருந்து நடைபாதையைப் பார்க்கும் காமிராவுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அண்டை வீட்டின் கதவையும் சன்னலையும் அது நேராகப் பார்க்கக்கூடாது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாட்டுவதற்கு முன் எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்குப் பேட்டரியும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம்.

இப்போது அம்மா வீட்டு மணி அடித்தால் என் கைப்பேசியிலும் ஒலிக்கிறது. அறியாதவர் என்றால், "அம்மா குளிக்கிறார், என்ன விஷயம்?" என்று நானே இங்கிருந்து கேட்டுவிடுகிறேன். கதவைத் திறக்காமலே அம்மாவும் கேட்டுக்கொள்கிறார். எனக்குச் சந்தேகமாக இருந்தால் முதலில் தொலைபேசுவது மக்சிக்குக்குத்தான்.

போன வாரம் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது மணி ஒலித்தது. பார்த்தேன். மூடிய தட்டோடு படியில் மக்சிக் நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கைப்பேசியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.