திரளின் இலக்கணம்

மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரின் வயல்வெளிகளுக்கு மேலே, அந்திப் பொழுதில் கொக்குகள் திரளாகக் கூடு திரும்புகின்றன. ஆணையிடும் தலைவன் இல்லை. ஆயினும் அவை மோதிக்கொள்வதில்லை. பறவைத் திரளின் இவ்வியக்கத்தைக் கணினித் திரையில் உருவாக்கிக் காட்டியவர் கிரெய்க் ரெனால்ட்ஸ். 1986இல் அவர் படைத்த ‘பாய்ட்ஸ்’ என்னும் நிரலுக்கு மூன்றே விதிகள்: நெருங்கினால் விலகு, அண்டையர் செல்லும் திசையில் செல், கூட்டத்தைப் பிரியாதே.

2022 சனவரி 29 அன்று, தில்லியில் நடந்த பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் ஏறத்தாழ 1000 டிரோன்கள் வானில் ஒளியோவியம் தீட்டின. அவை முன்கூட்டியே வகுத்த பாதையில் பறந்தவை. தானியங்கித் திரளோ தன் பாதையைத் தானே தேர்கிறது. அதனை முதலிலேயே வானில் ஏவிச் சோதித்தால், ஒரு விதி பிழைத்தாலும் கருவிகள் நொறுங்கும். கீழே நிற்போர்க்கும் ஊறு நேரும். கணினிப் பாவனையிலோ ஆயிரம் முறை மோதினாலும் இழப்பில்லை. விலகும் விதியை நீக்கினால் திரள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. கூடும் விதியை நீக்கினால் சிதறுகிறது. இவ்வாறு ஒவ்வொரு விதியின் பயனும் புலப்படுகிறது.

எனினும், திரைக்குள் வீசும் காற்று நிரலில் எழுதியபடியே வீசும். வெளியில் வீசும் காற்று எவர் எழுத்துக்கும் அடங்காது. ஆதலின், பாவனையில் தேறிய திரளையும் களத்தில் மீண்டும் சோதித்தல் வேண்டும். திரள் தானே முடிவெடுக்கலாம்; அம்முடிவின் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் விதியை எழுதிய மனிதரே.