ஃபார்எவர், ஒரு கூடை, கொஞ்சம் ஆப்பிள்

பொட்டி தட்டுற நம்மாளுங்களுக்கு லூப்னாலே ஞாபகம் வர்றது காலேஜ் லேப்தான். ஃபாக்டோரியல், ஃபிபனாச்சி, நட்சத்திரத்தை முக்கோணமா அடுக்குறது. ரெக்கார்டு நோட்டுல எழுதி, மனப்பாடம் பண்ணி, வைவால ஒப்பிச்சு பாஸானவங்கதான் பாதிப்பேர். லூப் எதுக்குன்னா "திரும்பத் திரும்பச் செய்யறதுக்கு"ம்போம். ஏன் திரும்பச் செய்யணும்? இதுக்கு உருப்படியான பதிலை ஒரு ஆறாங்கிளாஸ் பையன்கிட்டதான் பார்த்தேன்.

அக்கா பையன் ஸ்க்ராட்ச்ல கேம் பண்றான். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-ல வெளியிட்ட சமாச்சாரம். எதுவும் எழுத வேணாம், கலர் கட்டைகளை இழுத்து ஒண்ணோட ஒண்ணு மாட்டணும். செமிகோலன் தொல்லை கிடையாது :-)

மச்சானுக்கு இது பிடிக்கலை. "பொம்மை ஒட்டறதெல்லாம் புரோகிராமா மாப்ள? பைத்தான் கிளாஸ்ல சேர்த்துடறேன்"னார். அரையாண்டுல கணக்கு மார்க் வேற குறைஞ்சிருந்தது. லேப்டாப்பைப் பூட்டிடறதா முடிவு. பையன் மூஞ்சியைப் பார்க்க சகிக்கலை.

சரி, மேட்டருக்கு வருவோம். மேலேர்ந்து ஆப்பிள் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்கணும். 'கூடையைத் தொட்டா ஸ்கோர் 1 ஏறணும்'னு ஒரு இஃப் கட்டை மாட்டியிருந்தான். ஆப்பிள் விழுது, ஸ்கோர் ஏறலை. ஏன்னா பச்சைக்கொடியை அமுக்கினதும் அந்தக் கேள்வி ஒரே ஒரு தடவைதான் கேட்கப்படுது. அப்ப ஆப்பிள் உச்சியில இருக்கு. 'இல்லை'ன்னு பதில் வந்ததும் கதை முடிஞ்சுது. "தொட்டாச்சா, தொட்டாச்சா"ன்னு விடாம நச்சரிக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள்தான் ஃபார்எவர் கட்டை.

அதுக்குள்ள இஃப்பைப் போட்டான். இப்ப ஒரே ஆப்பிளுக்கு ஸ்கோர் சூடு வச்ச ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடுது. அவனே கொஞ்ச நேரம் முறைச்சுப் பார்த்துட்டு, "மாமா, அது கூடையிலயே உக்காந்திருக்கு, ஒவ்வொரு சுத்துலயும் தொட்டுக்கிட்டே இருக்கு"ன்னான். தொட்டதும் ஆப்பிளை மறுபடி உச்சிக்கு அனுப்ப ஒரு கட்டை. முடிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஃபார்எவர் கட்டையோட வடிவம். அடியில முனை இல்லை, கீழே எதையும் மாட்ட முடியாது. முடியாத லூப்புக்குப் பின்னாடி எழுதினா அது ஓடவே ஓடாதுன்னு 'சி'யில நாம பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை இங்க விரலே சொல்லிடுது. 'ரிப்பீட் 10'க்கு முனை உண்டு, பத்து சுத்து முடிஞ்சா அடுத்த வேலைக்குப் போகும். ஆப்பிளுக்கு ஒரு ஃபார்எவர், கூடைக்கு ஒரு ஃபார்எவர். ஒவ்வொண்ணும் ஒரு சுத்து முடிச்சதும் அடுத்ததுக்கு வழி விடும். நாம ஆபீஸ்ல ஆணி புடுங்குற அதே விஷயம்தான்.

கடைசியா, "ஆப்பிள் விழ எவ்வளவு நேரம்டா ஆகும்?"னு மச்சான் காதுல விழற மாதிரி கேட்டேன். பேப்பரை எடுத்தான். மேடை உயரம் 360. ஒரு சுத்துக்கு 5 இறங்குது, அப்ப 72 சுத்து. படம் நகர்ற லூப் செகண்டுக்கு 30 சுத்து ஓடும். 72-ஐ 30-ஆல வகுத்தா 2.4 செகண்ட். வாத்தியார் குடுத்த கணக்கு இல்லை, அவனுக்கே தேவைப்பட்ட கணக்கு.

மச்சான் பேப்பரை வாங்கிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. மறுநாள் அக்கா போன்ல தீர்ப்பு வந்தது: லேப்டாப் பூட்டப்படாது, ஆனா சனி ஞாயிறு மட்டும். பைத்தான் அடுத்த வருஷம். வரட்டுமே, 'ஒயில் ட்ரூ'வைப் பார்க்கும்போது அவனுக்கு அது பழைய சிநேகிதன்.

இப்ப ஆப்பிள் சுத்துக்கு 8 இறங்குது. 45 சுத்து, ஒன்றரை செகண்ட். என்னால நாலுல ஒண்ணுதான் பிடிக்க முடியுது, ஹி ஹி.