கால் பட்ட பவளம்

காலை மணி ஏழு. பெர்ஹெந்தியான் பெசார் தீவின் சிறிய படகுத்துறையில் என் கணவரும் மகளும் நானும் நின்றுகொண்டிருந்தோம். கிழக்கே கதிரவன் அப்போதுதான் மேலெழுந்திருந்தான். கடல் எண்ணெய் தடவியதுபோல் அசைவின்றிக் கிடந்தது.

பள்ளி விடுமுறையைக் கழிக்கத் திரங்கானு மாநிலத்திலுள்ள இந்தத் தீவுக்கு முந்தைய நாள்தான் வந்திருந்தோம். குவாலா பெசுட்டில் விரைவுப்படகு ஏறி, அரை மணி நேரத்துக்கும் மேலாகக் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தோம். மலாய்மொழியில் ‘பெர்ஹெந்தியான்’ என்றால் நின்று செல்லும் இடம் என்று பொருள். அக்காலத்தில் கடல்வழி வணிகர்கள் இங்கே தங்கிச் சென்றதால் இப்பெயர் வந்தது என்பார்கள்.

“காலையில்தான் கடல் தூங்கும். வெயில் ஏறினால் காற்று எழுந்துவிடும். படகுகளும் கூடிவிடும். அதனால் பசியாறலைக்கூடப் படகிலேயே வைத்துக்கொள்வோம்,” என்றார் படகோட்டி. அறுபது வயதைக் கடந்த அவரை எல்லாரும் ‘பாக் சிக்’ என்றே அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

படகு புறப்படுவதற்கு முன் அவர் எங்களுக்கு மிதவை அங்கியை மாட்டிவிட்டார். முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் கொடுத்தார். பிறகு மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார். “பவளத்தை மிதிக்கக்கூடாது. எதையும் தொடக்கூடாது. எதையும் எடுத்து வரக்கூடாது. ஜாங்ஙான் பிஜாக் காராங்!” என்று முதலாவதை மட்டும் மலாயில் இன்னொரு முறை அழுத்திச் சொன்னார்.

நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். பாடப்பகுதிகளைத் தயாரிப்பது என் பணி. சில ஆண்டுகளுக்கு முன்பு கடல்வளம் பற்றிய பாடம் ஒன்றை எழுதியபோது இதே மூன்று கட்டளைகளையும் நானே அதில் சேர்த்திருந்தேன். ‘எனக்குத் தெரியாததா?’ என்ற எண்ணம் எனக்கு.

சிறிது தூரம் சென்றதும் பாக் சிக் இயந்திரத்தை நிறுத்தினார். அவர் நங்கூரம் போடவில்லை. கடலில் மிதந்துகொண்டிருந்த மிதவை ஒன்றில் கயிற்றைக் கட்டினார். என் மகள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஏணியில் இறங்கி, முகத்தை நீரில் அமிழ்த்தி மிதக்கத் தொடங்கிவிட்டாள். அவள் தந்தையும் பின்தொடர்ந்தார்.

எனக்கோ கால் எட்டாத நீர் என்றால் சிறுவயது முதலே அச்சம். நீச்சல் குளத்திலும் விளிம்பை விட்டு விலகமாட்டேன். ஏணியின் கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். “அம்மா, வாங்க! கீழே பாருங்க!” என்று மகள் கூவினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முகத்தை நீருக்குள் நுழைத்தேன்.

என் கண்முன் வேறோர் உலகம் விரிந்தது. மான்கொம்புகளைப்போல் கிளைவிட்ட பவளங்கள். மனித மூளையைப்போல் மடிப்பு மடிப்பான உருண்டைப் பவளங்கள். அவற்றின் இடையே பச்சையும் நீலமும் மின்னும் சின்னஞ்சிறு மீன்கள். நான் கையை அசைத்தால் அந்த மீன்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் கிளைகளுக்குள் ஒளிந்துகொண்டன. அசையாமல் இருந்தால் மெல்ல வெளியே வந்தன. கிளிமீன் ஒன்று தன் அலகு போன்ற பற்களால் பாறையைச் சுரண்டும் ஓசைகூட என் காதில் விழுந்தது. அந்த மீன் கடித்துத் தின்னும் பவளச் சுண்ணாம்புதான் பின்னர் மணலாக வெளியேறுகிறது. நாங்கள் நடந்த வெண்மணற் கடற்கரையில் அத்தகைய மணலும் கலந்திருக்கிறது என்பதை எண்ணி வியந்தேன்.

அந்த வியப்பில் என்னையும் அறியாமல் படகை விட்டு விலகிப் போய்விட்டேன். அங்கே நீர் மார்பளவுதான் இருந்தது. திடீரென்று முகக்கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. என் தலைமுடி கண்ணாடியின் விளிம்பில் சிக்கியிருந்ததே அதற்குக் காரணம் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மூக்கில் உப்புநீர் ஏறியது. கண் எரிந்தது. மூச்சுக்குழாய் வாயிலிருந்து நழுவியது. பதறிப்போய்க் காலைக் கீழே ஊன்றினேன்.

அப்பளம் நொறுங்குவதுபோல் என் காலடியில் ஏதோ முறிந்தது.

நின்றேன், இருமினேன், மூச்சு வந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மீண்டும் கீழே பார்த்தேன். என் உள்ளங்கை அளவுள்ள பவளக்கிளை ஒன்று முறிந்து மணலில் கிடந்தது. முறிந்த இடம் எலும்பைப்போல் வெளுத்திருந்தது. சற்றுமுன் அக்கிளைக்குள் ஒளிந்து விளையாடிய மீன்கள் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. குதிகால் எரிந்தது. நான் யாரையும் அழைக்காமல் படகுக்குத் திரும்பினேன்.

சிறிது நேரத்தில் மற்ற இருவரும் படகேறினார்கள். மகளின் முகத்தில் கோபம். “அம்மா, அந்தப் பக்கம் யாரோ பவளத்தை உடைத்திருக்கிறார்கள்! புதிதாக உடைந்ததுபோல் வெள்ளையாகக் கிடக்கிறது. சொன்னாலும் கேட்காத மனிதர்கள்!” என்றாள்.

நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துடைக்க வேண்டிய அளவைவிட அதிக நேரம் துடைத்தேன்.

பாக் சிக் பசியாறலை எடுத்து வைத்தார். பழுப்புத்தாளில் மடித்த பொட்டலங்களைப் பிரித்ததும் தேங்காய்ப்பால் மணம் படகெங்கும் பரவியது. அது திரங்கானு மக்கள் காலையில் விரும்பி உண்ணும் ‘நாசி டாகாங்’. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோற்றில் வெந்தயமும் வெங்காயமும் கலந்திருந்தன. தொட்டுக்கொள்ளச் சூரை மீன் குழம்பும் ஊறுகாயும் இருந்தன. அவருடைய மனைவி விடியுமுன் எழுந்து சமைத்தாராம். குடுவையிலிருந்து சூடான தேநீரையும் ஊற்றிக் கொடுத்தார். வெந்தயச் சோறு எங்கள் வீட்டுச் சமையலை நினைவூட்டுகிறது என்று கணவர் பாராட்டினார். எனக்கு மட்டும் ஒரு வாய் சோறும் இறங்கவில்லை.

உண்டு முடித்த கணவர், மீதமிருந்த சோற்றை மீன்களுக்குப் போட எழுந்தார். பாக் சிக் மெதுவாக அவர் கையைத் தடுத்தார். “வேண்டாம் ஐயா. பவளத்தில் படரும் பாசியைத் தின்று அதைத் தூய்மையாக வைத்திருப்பவை மீன்கள்தான். சோற்றுக்குப் பழகிவிட்டால் அந்த வேலையை யார் செய்வது?” என்றார். திரும்பியவரின் பார்வை என் காலில் நின்றது. குதிகாலிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல தண்ணீர் எடுத்துவந்து காயத்தைக் கழுவினார். “பவளம் கீறிய புண் எளிதில் சீழ் பிடிக்கும். கரைக்குப் போனதும் மருந்து போடுங்கள்,” என்று மட்டும் சொன்னார்.

மகள் என் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வழுக்கி விழுந்தேன், ஏணி கீறிவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால், பதினான்கு ஆண்டுகளாக ‘உண்மையைச் சொல்’ என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

“அந்தப் பவளத்தை உடைத்தது நான்தான்,” என்றேன். “தண்ணீர் மூக்கில் ஏறியதும் பயந்துவிட்டேன். கால் தானாக இறங்கிவிட்டது.”

படகில் யாரும் பேசவில்லை. அலை படகின் பக்கவாட்டில் மோதும் ஓசை மட்டும் கேட்டது.

“உங்கள் பாடத்திலேயே எழுதியிருக்கிறீர்களே, அம்மா,” என்றாள் மகள். அவள் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருந்தது. எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது.

பாக் சிக் தேநீரை ஒரு மிடறு குடித்தார். “நான் சிறுவனாக இருந்தபோது என் அப்பாவுடன் மீன்பிடிக்க வருவேன். நங்கூரத்தை அப்படியே பவளத்தின்மேல் வீசுவோம். இழுக்கும்போது அது எதையெல்லாம் உடைத்தது என்று நாங்கள் பார்த்ததே இல்லை. பார்க்க முகக்கண்ணாடியும் இல்லை. நாங்கள் கெட்டவர்களா? இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. அதனால் மிதவையில் கட்டுகிறேன்,” என்றார்.

1994ஆம் ஆண்டில் இத்தீவுகளைச் சூழ்ந்த கடல், கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் தொலைவுவரை மீன் பிடிக்கவோ பவளத்தை எடுக்கவோ அனுமதி இல்லை. ஆயினும், சட்டத்தால் தடுக்க முடியாத ஆபத்துகளும் உண்டு. பவளம் என்பது கல் அன்று. பல்லாயிரம் சிற்றுயிர்கள் கூடி வாழும் ஊர். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கின்றன, நிறத்தையும் தருகின்றன. கடல்நீர் அளவுக்குமீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். சூடு விரைவில் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் இறந்துவிடும். 2010ஆம் ஆண்டில் அப்படி வெளுத்தபோது, பவளம் தேறுவதற்காக இங்குள்ள சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதங்களுக்கு மூடி வைத்தார்கள். “அந்த ஆண்டு கடலடியைப் பார்க்கவே மனம் வரவில்லை. பனி பெய்த ஊர்போல் இருந்தது,” என்று பாக் சிக் நினைவுகூர்ந்தார்.

“நான் உடைத்த கிளை மறுபடியும் வளருமா?” என்று கேட்டேன்.

“வளரும். அந்த வகைப் பவளம் நன்றாக இருந்தால் ஓர் ஆண்டில் விரல் நீளம் வளரும். உருண்டைப் பவளமாக இருந்தால் ஓர் ஆண்டுக்கு நகத்தின் அகலம்தான்,” என்று தம் கட்டைவிரலைக் காட்டினார்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஆண்டுதோறும் மகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைப்பேன். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே சில விரற்கடை தூரம்தான். அதற்கு எத்தனை நாள் உணவு, உறக்கம், கவனிப்பு! அப்படிப்பட்ட ஓர் ஆண்டு வளர்ச்சியை ஒரே நொடியில் மிதித்துவிட்டேன்.

அடுத்த இடத்துக்குப் போகும் முன் பாக் சிக் படகை மணற்பாங்கான ஆழமற்ற பகுதியில் நிறுத்தினார். “இங்கே பவளம் இல்லை. இறங்குங்கள், புவான். பழகிக்கொள்வோம்,” என்றார். முதலில் முடியை முழுவதுமாக ஒதுக்கிக் கண்ணாடியை மாட்டச் சொன்னார். பிறகு வேண்டுமென்றே கண்ணாடிக்குள் சிறிது நீரை விடச் சொன்னார். நான் பதறிக் காலை இறக்கினேன். “இல்லை! முழங்காலை மார்புக்கு மடக்குங்கள். மல்லாந்து படுங்கள். அங்கி உங்களைத் தாங்கும்,” என்றார்.

இரண்டாம் முறையும் கால் இறங்கியது. மூன்றாம் முறை என் கையை யாரோ பற்றினார்கள். மகள்! “நான் பிடித்துக்கொள்கிறேன். காலைத் தூக்கிக்கொள்ளுங்கள், அம்மா,” என்றாள். மடக்கினேன், மல்லாந்தேன். மிதவை அங்கி என்னை ஒரு தொட்டிலைப்போல் ஏந்திக்கொண்டது. அன்று காலை முழுவதும் அதே அங்கியைத்தான் அணிந்திருந்தேன். நிற்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. அதை நம்பத்தான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஆமைகள் மேயும் இடத்துக்குச் சென்றோம். கடலடியில் பெரிய பச்சை ஆமை ஒன்று கடற்புல்லைக் கடித்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. மகளும் நானும் கைகோத்தபடி தொலைவிலேயே மிதந்தோம். சிறிது நேரத்தில் அது மேலெழுந்து வந்து, தலையை நீட்டி மூச்சு வாங்கியது. பிறகு பதற்றமே இல்லாமல் மீண்டும் கீழிறங்கியது. அந்த நேரத்தில் என் கண்ணாடிக்குள் மறுபடியும் சிறிது நீர் புகுந்தது. முழங்காலை மடக்கி மல்லாந்தேன். நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பினேன். மகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கரைக்குத் திரும்பும் வழியில் பாக் சிக் சொன்னார்: “சின்ன வயதில் சந்தையில் ஆமை முட்டைகளை வாங்கித் தின்றவன் நான். 2022இல் எங்கள் மாநிலத்தில் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் தடை வந்துவிட்டது. இப்போது அதே ஆமையைக் காட்டித்தான் பிழைக்கிறேன். மனிதன் மாறலாம்.”

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் முதலில் எடுத்துப் பார்த்தது அந்தப் பழைய பாடத்தைத்தான். ‘பவளத்தை மிதிக்காதீர்கள்’ என்ற வரி அப்படியே இருந்தது. அதில் பிழை ஏதுமில்லை. ஆனால், அந்த வரியை எழுதிய கை என்னுடையது. பவளத்தை மிதித்த காலும் என்னுடையதே. கடலை வெறுப்பதால் மட்டும் யாரும் அதற்குக் கேடு செய்வதில்லை. அச்சத்தாலும் பழக்கமின்மையாலும்கூடச் செய்கிறோம். கட்டளை தலைக்குத் தெரிந்தால் போதாது, காலுக்கும் தெரிய வேண்டும்.

எனவே, அந்த வரியின்கீழ் இன்னும் சில வரிகளைச் சேர்த்தேன்: ‘கடலில் இறங்குமுன் மணற்பகுதியில் பழகுங்கள். நீர் புகுந்தால் முழங்காலை மடக்குங்கள். மல்லாந்து படுங்கள். மிதவை அங்கியை நம்புங்கள்.’

எழுதி முடித்ததும் மகளிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்து, கடைசியில் ஒரு வரியை எழுதினாள்: ‘பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.’

அந்த வரியை நான் நீக்கவில்லை.