மலையிறக்கத்தில் ஒரு பாரம்

சரக்குப் பதிவு எழுதும் நமக்கு எடைக் கணக்கு உறக்கத்திலும் வரும். பாக்ஸ்-என் வேகனின் வெற்று எடை 22.47 டன், ஏற்றத்தக்கது 58.81 டன். ஊரார் பாரத்தை இப்படிக் கறாராகப் பார்க்கும் நாமே, சென்ற ஆண்டு நம் தாயாரும் குழந்தைகளும் ஏறிய வண்டியின் எடையை அறிந்தும் வாய்மூடி இருந்தோம்.

அத்தான் தம் வேனில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி ஓடும் வீடாக்கியிருந்தார். பண்டரிபுரம் சென்று திரும்புகையில், புனேயில் பழுதாகிக் கிடந்த தம் பழைய காரையும் கம்பியால் பின்னே பூட்டிக் கல்யாணுக்கு இழுத்துவர எண்ணினார். புறப்படுமுன் வேனை எடைமேடையில் நிறுத்தினோம். பதிவுப் புத்தகம் அனுமதித்தது 5,300 கிலோ. சீட்டில் கண்டது 5,210. காரோ 800 கிலோவுக்குக் குறையாது.

"அது தன் சக்கரத்தில்தானே உருண்டு வருகிறது, மாப்பிள்ளை! நம் அச்சின்மேலா ஏறுகிறது?" என்றார் அத்தான். மூத்தவர், வண்டியும் அவருடையது. பேசாமல் ஏறிக்கொண்டோம்.

அவர் சொன்னது பாதி உண்மை. பின்னால் வருவதை நம் அச்சு சுமப்பதில்லை. ஆனால் நம் பிரேக்தான் அதையும் நிறுத்தியாக வேண்டும். ரயிலில் பெட்டிதோறும் பிரேக் உண்டு. அப்படியிருந்தும், 37 அடிக்கு ஓர் அடி உயரும் கர்ஜத்-கண்டாலா மலைப்பாதையில் ஏறும் ரயிலைப் பின்னிருந்து தள்ளக் கூடுதல் எஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். இறங்கும் ரயில் இடையில் நின்று பிரேக்கைச் சோதித்த பிறகே நகரும். கட்டுமீறி ஓடிவரும் ரயிலை மேட்டில் ஏற்றி நிறுத்தத் தனிக் கிளைப்பாதைகளும் உண்டு. சென்னைக்குச் செல்லும் நம்மவர், எஞ்சின் சேர்க்கும் நேரத்தில் கர்ஜத்தில் வடா பாவ் வாங்குவதோடு சரி!

ஏற்றத்தில் பாரம் மிகுந்தால் எஞ்சினே முனகிச் சொல்லிவிடும். இறக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை இல்லை. பழைய நெடுஞ்சாலையில் கண்டாலா தாண்டிச் சில வளைவுகள் இறங்கியதும் கருகல் வாடை வந்தது. கார் பின்னிருந்து நெட்டித் தள்ளியது; பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது.

"அடுப்பை அணைச்சிட்டேனேப்பா!" என்று உள்ளிருந்து பதறினார் தாயார்.

அத்தான் கியரைக் குறைத்து, மலையோரமாக ஒருவாறு நிறுத்தினார். சக்கரங்களுக்குக் கல் கொடுத்தோம். அருகில் கை கொண்டுபோக முடியாத சூடு. பிள்ளைகளை இறக்கிச் சுவரோரம் உட்கார்த்தினோம். தொட்டியிலிருந்த 150 லிட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அதுவே 150 கிலோ. காரைக் கழற்றி அங்கேயே ஒதுக்கிவிட்டு, பிரேக் நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். மறுநாள் லாரியில் ஏற்றிக் காரைக் கொண்டுவர அத்தானுக்கு ஆன செலவைப் பற்றி நாம் கேட்கவில்லை.

சுவரோரம் அமர்ந்திருந்த தாயார் நம் சட்டைப்பையில் தெரிந்த எடைச் சீட்டைப் பார்த்தார்.

"உனக்கு முன்னமே தெரியுமா?" என்றார்.

"தெரியும்" என்றோம்.